முதல் முதலீட்டு வீடு: "வாடகையே தவணையைக் கட்டிவிடும்" என்கிறார் தரகர், நம்பலாமா?

புதுசு:
எல்லாருக்கும் வணக்கம். குடியிருக்க இல்லை, முதலீடாக ஒரு அடுக்குமாடி வீடு வாங்கலாம் என்று ஆறு மாதமாக அலைகிறேன். உண்மையான விலையைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அதனால் வீட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் 25 இருக்கிறது, எட்டு வருடச் சேமிப்பு. அதில் 20 நான் போடுகிறேன், 80 வங்கிக் கடன், 20 ஆண்டு, 8 சதவீதம், மாறும் வட்டி. வாடகை ஆண்டுக்கு 5 வருமாம். "வாடகையே தவணையைக் கட்டிவிடும் தம்பி, நீ கையெழுத்துப் போட்டால் போதும்" என்கிறார் தரகர். மீதி 5 கையிருப்பாக இருக்கும் என்பது என் கணக்கு. ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பணம் கொடுக்க வேண்டுமாம், வேறு இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். என்ன செய்யட்டும்?

செங்கல்:
அந்த வேறு இரண்டு பேரை எனக்கும் தெரியும். நான் பார்க்கப் போன ஒவ்வொரு வீட்டையும் எனக்கு முன்னால் அவர்கள்தான் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

கணக்குப்பிள்ளை:
80க்கு 8 சதவீதம், 20 ஆண்டு என்றால் தவணை ஆண்டுக்கு 8.03 வரும். வாடகை 5. உங்கள் தரகர் கழித்தலை எங்கே படித்தார் என்று தெரியவில்லை.

அந்த 5 கூட முழுசாகக் கைக்கு வராது. ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் 0.4 போய்விடும். பராமரிப்புக் கட்டணம், சொத்து வரி, காப்பீடு, குழாய், மோட்டார், ஆள் மாறும்போது வெள்ளையடிப்பு எல்லாம் சேர்த்து 1.3 என்று வைக்கிறேன், இது தாராளமான கணக்கு இல்லை. ஆக 3.3 மிஞ்சும். தவணைக்கு 4.7 குறைகிறது. ஒவ்வோர் ஆண்டும் அதை உங்கள் சம்பளத்திலிருந்து போட வேண்டும். முதல் ஆண்டுத் தவணை 8.03இல் அசலுக்குப் போவது 1.7 மட்டும்தான், மீதி 6.3 வட்டி.

அப்புறம் அந்தக் கையிருப்பு. பத்திரச் செலவு, பதிவுக் கட்டணம், தரகு, வக்கீல், வங்கியின் பரிசீலனைக் கட்டணம் எல்லாம் கூட்டினீர்களா? இது ஊருக்கு ஊர் மாறும், நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். 6 என்று வைத்தால் 20 + 6 = 26. உங்களிடம் இருப்பது 25. வீட்டுக்குள் காலை வைப்பதற்கு முன்பே 1 கடன்.

புதுசு:
ஐயோ. பத்திரச் செலவைக் கடனிலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்று தரகர் சொன்னாரே. சரி, மாதாமாதம் கொஞ்சம் கையைவிட்டுப் போகும் என்று தெரிகிறது. ஆனால் வீட்டின் விலையும் ஏறும் அல்லவா? அதைக் கணக்கில் சேர்க்கவில்லையே நீங்கள்.

கணக்குப்பிள்ளை:
சேர்த்துவிடலாம். ஐந்து ஆண்டு கழித்து விற்பதாக வைத்துக்கொள்ளுங்கள், விலை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது. 100 என்பது 127.6 ஆகும். விற்கும் செலவு 3. வங்கிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி 70. (ஐந்து ஆண்டில் 40 கட்டியிருப்பீர்கள், அசலில் கழிந்தது 10தான். இதைப் பார்த்துத்தான் பலர் வங்கியில் போய்ச் சண்டை போடுகிறார்கள்.) கைக்கு 54.6 வரும்.

நீங்கள் போட்டது? முதலில் 26, பிறகு ஆண்டுக்கு 4.7 வீதம் ஐந்து ஆண்டு, மொத்தம் 49.5. லாபம் 5, அதுவும் வரிக்கு முன்னால். இதே பணத்தை இதே தேதிகளில் 6 சதவீத வைப்பில் போட்டிருந்தால் 61 ஆகியிருக்கும். வாடகை வருடா வருடம் கொஞ்சம் ஏறும், அதைச் சேர்த்தாலும் வைப்பை எட்டாது.

விலை 10 சதவீதம் ஏறினால் கைக்கு 88 வரும், பிரமாதம். ஏறவே இல்லை என்றால் 27 வரும், போட்டதில் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். ஆக நீங்கள் வாங்குவது வாடகை வருமானத்தை இல்லை, விலை ஏறும் என்கிற பந்தயத்தை. பந்தயம் கட்டுவது தப்பில்லை, ஆனால் பந்தயம் என்று தெரிந்து கட்டுங்கள்.

மாடிவீட்டார்:
இப்படி நோட்டுப் போட்டுக் கணக்குப் பார்த்தவர்களை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். என் கூட வேலை பார்த்த நாலு பேர் "விலை அதிகம், இறங்கட்டும்" என்று பொறுத்திருந்தார்கள், இன்றைக்கும் பொறுத்திருக்கிறார்கள். நான் 22 வருடத்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்று வாங்கினேன், அப்புறம் இன்னொன்று. இன்றைக்கு அந்த வாடகையில்தான் வண்டி ஓடுகிறது. மண்ணில் போட்டது வீண்போகாது தம்பி. வைப்பில் போட்டால் நடுவில் எடுத்துச் செலவு பண்ணிவிடுவாய், வீட்டுக் கடன் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுவாய். அந்தக் கட்டாயத்துக்கே ஒரு விலை உண்டு.

கணக்குப்பிள்ளை:
கட்டாயச் சேமிப்பு பற்றி நீங்கள் சொல்வதை முழுசாக ஒப்புக்கொள்கிறேன். 20 வருடம் மாதம் தவறாமல் வைப்பில் போட்டவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

ஆனால் மண்ணில் போட்டது வீண்போகாது என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. ஜப்பானில் நிலவிலை 1991 வாக்கில் உச்சிக்குப் போனது, பிறகு பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து இறங்கியது. அமெரிக்காவில் 2006இல் உச்சத்தில் இருந்த வீட்டு விலை 2012க்குள் நாடு தழுவிய சராசரியிலேயே கால்வாசிக்கு மேல் விழுந்தது. இன்னும் பழைய கதை வேண்டுமா? ஆம்ஸ்டர்டாமில் ஹேரன்கிராக்ட் என்று ஒரு வாய்க்கால், கரையெல்லாம் பணக்கார வீடுகள். 1628 முதல் 1973 வரை அங்கே வீடுகள் கைமாறிய விலைகளை வைத்து ஒருவர் விலைக் குறியீடு போட்டார். பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் அந்த 345 ஆண்டில் ஏறக்குறைய இரண்டு மடங்குதான். ஆண்டுக்கு 0.2 சதவீதம். நடுவில் பல தலைமுறைகள் வாங்கிய விலையைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்திருக்கும்.

ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். அந்த இரண்டு வீட்டுக்கும் எவ்வளவு கடன் வாங்கினீர்கள்?

மாடிவீட்டார்:
முதல் வீட்டுக்குப் பாதி. இரண்டாவதுக்குக் கடனே இல்லை, என் பங்குக்கு வந்த பூர்விகச் சொத்தை விற்ற பணம். நடுவில் ஏழு மாதம் வேலை இல்லாமல் இருந்தேன், அப்போது முழுக் கடன் இருந்திருந்தால் வந்த விலைக்குத் தள்ளிவிட்டிருப்பேன், அது உண்மைதான். ஆனாலும் பயந்துகொண்டே இருந்தால் ஒன்றும் வாங்க முடியாது என்பதுதான் என் கட்சி.

கணக்குப்பிள்ளை:
இதைத்தான் எதிர்பார்த்தேன். உங்களைக் காப்பாற்றியது மண் இல்லை, விற்க வேண்டிய அவசரம் வராதது. விலை 10 சதவீதம் விழுந்தால் புதுசுவின் 20இல் பாதி காலி, காகிதத்தில்தான். காகிதத்தில் விழுந்ததால் யாரும் தெருவுக்கு வருவதில்லை. விழுந்திருக்கும் நேரத்தில் தவணை கட்ட முடியாமல் விற்கிறார்களே, அவர்கள்தான் வருகிறார்கள்.

புதுசு, மாறும் வட்டி என்றீர்களே, அதையும் பார்த்துவிடுங்கள். வட்டி 10க்குப் போனால் தவணை 8.03இலிருந்து 9.26 ஆகும். "கவலை வேண்டாம், தவணையை ஏற்ற மாட்டோம், காலத்தைத்தான் நீட்டுவோம்" என்று சொல்வார்கள், கேட்க இதமாக இருக்கும். ஆரம்பத்திலேயே அப்படி ஆகிவிட்டால் உங்கள் 20 ஆண்டுக் கடன் 56 ஆண்டுக் கடன் ஆகும். அச்சுப்பிழை இல்லை, ஐம்பத்தாறு. ஏனென்றால் அந்தத் தவணை 10 சதவீதத்தில் ஏறக்குறைய வட்டிக்கே சரியாகப் போய்விடும், ஆரம்பத்தில் அசலைத் தொடுவது பெயருக்குத்தான்.

புதுசு:
இரவு உட்கார்ந்து நானே போட்டுப் பார்த்தேன், 56தான் வருகிறது. தூக்கம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை முன்பணம் கொடுக்கவில்லை. தரகர் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டு "அந்த இரண்டு பேரும் வேண்டாம் என்றுவிட்டார்கள், உங்களுக்காக விலையைக் கொஞ்சம் பேசித் தருகிறேன்" என்கிறார்.

செங்கல்:
சொன்னேனே.

வாடகைக்காரி:
கணக்கு அண்ணா எல்லாவற்றையும் தாளில் போட்டுவிட்டார், அதில் ஒரு வரியாக வந்துபோனது அந்த ஒரு மாதக் காலி. நான் 14 வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறேன், நான்கு வருடமாக ஒரு சின்ன வீட்டை வாடகைக்கும் விட்டிருக்கிறேன், அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

ஒரு மாதம் காலி என்றால் ஆண்டு வாடகையில் 8.3 சதவீதம் போச்சு. 5 சதவீதம் ஏற்றப் போய், இருந்த நல்ல குடும்பத்தைக் கிளப்பிவிட்டு, ஒரு மாதம் பூட்டி வைத்து, வெள்ளையடித்து, புது ஆளுக்குத் தரகும் கொடுத்தால் ஏற்றியது எங்கே போனது? என் பழைய வீட்டுக்காரர் இதைத்தான் செய்தார். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று மூன்று வாரம் சொன்னேன், கீழே கிண்ணம் வைத்துச் சமாளித்தேன். அவர் குழாய்க்காரரை அனுப்பவில்லை, வாடகை உயர்வுக் கடிதத்தை அனுப்பினார். அடுத்த மாதமே காலி செய்தேன். பிறகு மூன்று மாதம் அந்த வீட்டில் விளக்கு எரியவில்லை, எதிரேயே குடிபோயிருந்ததால் தினமும் பார்ப்பேன். கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆள் பிடிக்கும்போது இப்போது குடியிருக்கும் வீட்டுக்காரரிடம் விசாரிப்பதில் பாதிதான் பலன். தொல்லை தருகிற ஆளாக இருந்தால், தள்ளிவிட்டால் போதும் என்று அவரே "தங்கமான மனிதர்" என்பார். அதற்கும் முந்தைய வீட்டுக்காரரைப் பிடியுங்கள், அவருக்குப் பொய் சொல்லக் காரணம் இல்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். சாவி கொடுக்கும் அன்று அறை அறையாகப் படம் எடுத்து இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள், முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது சண்டை வராது.

வீடு பார்க்கும்போது நீங்கள் அங்கே இருப்பீர்களா என்று யோசிக்காதீர்கள், யார் அங்கே வாடகைக்கு வருவார்கள் என்று யோசியுங்கள். அந்தக் கட்டடத்தில் எத்தனை வீடு இப்போது காலியாக இருக்கிறது என்று காவலாளியிடம் கேளுங்கள். தரகரிடம் கேட்காதீர்கள்.

தராசு:
நான் சொத்துப் பத்திரங்கள் பார்க்கும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். யாரும் பத்திரம் பற்றிப் பேசவே இல்லையே என்று வந்தேன்.

பதிவு ஆகிவிட்டால் சொத்து நம்முடையது என்று நினைப்பது எல்லா நாட்டிலும் சரி இல்லை. 1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் டாரன்ஸ் என்பவர் கொண்டுவந்த முறையில், அரசின் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், அரசே அதற்கு உறுதி. வேறு பல இடங்களில் பதிவாவது பத்திரம் மட்டும்தான். இன்னார் இன்னாருக்கு விற்றார் என்பதற்கு அது சாட்சி, விற்றவருக்கு விற்க உரிமை இருந்ததா என்று பதிவு செய்பவர் ஆராய மாட்டார். உங்கள் ஊரில் எந்த முறை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது முறை என்றால் பழைய பத்திரங்களின் சங்கிலியைக் கண்ணி விடாமல் பார்க்க வேண்டும்.

சங்கிலி அறுவது பெரும்பாலும் வாரிசுகளிடம்தான். அப்பா இறந்துவிட்டார், நான்கு பிள்ளைகள், மூன்று பேர் கையெழுத்து, நாலாமவர் வெளிநாட்டில், "அவர் ஒன்றும் கேட்க மாட்டார்" என்பார்கள். விலை ஏறியதும் அவர்தான் முதலில் கேட்பார். அதிகாரப் பத்திரத்தின் (பவர்) பேரில், உரிமையாளருக்குப் பதிலாக ஒருவர் விற்க வந்தால், அதைக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, ரத்து செய்துவிட்டாரா என்று பார்க்க வேண்டும். அவரையே நேரில் பார்த்துவிடுவது உத்தமம்.

இன்னொன்று, "வங்கியே கடன் தருகிறது, பத்திரம் சுத்தமாகத்தான் இருக்கும்" என்று வாரம் ஒருவராவது என்னிடம் சொல்கிறார். வங்கி வக்கீல் வங்கிக்காகப் பார்க்கிறார். சொத்தில் வில்லங்கம் வந்தாலும் வங்கி உங்கள் சம்பளத்தைப் பிடித்துக் கடனை வசூலித்துக்கொள்ளும். உங்களுக்கென்று தனியாக ஒரு வக்கீல் வையுங்கள், தரகர் கூட்டிவரும் வக்கீல் வேண்டாம்.

செங்கல்:
பத்திரம் ஆச்சு, கட்டடத்துக்கு வருவோம். எனக்குத் தொழிலே அதுதான், ஆனாலும் என் சொந்த வீட்டில் ஏமாந்தேன், அதைச் சொல்கிறேன்.

தரைத்தளம், புது வண்ணம், ஜன்னல் எல்லாம் திறந்து வைத்து ஊதுவத்தி ஏற்றியிருந்தார்கள். சுத்தமான மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டேன். கோடையில் வாங்கினேன். முதல் மழைக்குப் பத்து நாள் கழித்துப் படுக்கையறை அலமாரியை நகர்த்தினால், பின்னால் சுவர் இடுப்பு உயரத்துக்குக் கருத்திருக்கிறது, விரல் வைத்தால் காரை மாவாக உதிர்கிறது, கீழே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. ஓதம் தரையிலிருந்து ஏறியிருக்கிறது, பல வருடமாக. ஊதுவத்தி எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

அதனால் அலமாரியை நகர்த்திப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள். வீடு முழுக்கப் பழைய வண்ணமாக இருந்து ஒரு மூலையில் மட்டும் புது வண்ணம் என்றால் அந்த மூலையில்தான் விஷயம். மயிரிழை விரிசல் காரையோடு போய்விடும், பயம் இல்லை. செங்கல் வரிசையோடு படிக்கட்டு மாதிரி ஏறுகிற விரிசல், கதவு நிலையின் மூலையிலிருந்து சாய்வாகப் போகிற விரிசல், இரண்டையும் பார்த்தால் பொறியாளரைக் கூப்பிடுங்கள். கதவுகளை மூடித் திறங்கள், பிடித்தால் நிலை நகர்ந்திருக்கலாம். தரை ஓடுகளை நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள், அடியில் வெற்றிடம் இருக்கிற மாதிரிச் சத்தம் எங்கே வருகிறது என்று காது சொல்லும். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டுக் கழிப்பறையில் தண்ணீர் இழுத்துப் பாருங்கள். மாடி என்றால் மொட்டைமாடிக்கு ஏறாமல் திரும்பாதீர்கள். பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை. மழை வராவிட்டால் காத்திருங்கள், வீடு எங்கும் ஓடாது.

புதுசு:
இத்தனையும் பார்க்க வேண்டும் என்றால் வீடே வேண்டாம், வீட்டு நிதியில் பணத்தைப் போட்டுவிடலாம் என்று என் நண்பன் சொல்கிறான். ரீட் என்கிறான். அது எப்படி?

கணக்குப்பிள்ளை:
கெட்டது இல்லை. அமெரிக்காவில் 1960இலேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. பலர் பணத்தைச் சேர்த்து அலுவலகக் கட்டடம், கிடங்கு, வணிக வளாகம் என்று வாங்கி, வரும் வாடகையைப் பிரித்துக் கொடுப்பார்கள். அங்கே வரிக்குட்பட்ட வருமானத்தில் குறைந்தது 90 சதவீதத்தைப் பங்குதாரர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். குழாய் ஒழுகினால் உங்களைக் கூப்பிட மாட்டார்கள், வேண்டும்போது சின்னத் துண்டாக விற்கலாம். பதிலுக்குப் பங்குச் சந்தைபோல விலை ஆடும், கட்டடத்தில் உங்கள் சொல் எடுபடாது. கொஞ்சம் போட்டு வைத்துக்கொண்டு வீட்டைச் சாவகாசமாகத் தேடலாம்.

இதற்கும் "உறுதி வாடகை" என்று கட்டுமான நிறுவனங்கள் விற்கும் வீட்டுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். மூன்று ஆண்டு உறுதியாகத் தருவதாகச் சொல்லும் வாடகையை விலையிலேயே ஏற்றி உங்களிடம் வாங்கியிருப்பார்கள், உங்கள் பணமே மாதாமாதம் உங்களுக்குத் திரும்பி வரும். நாலாம் ஆண்டு சந்தை வாடகை என்னவோ அதுதான்.

மாடிவீட்டார்:
இதில் நானும் கணக்கு கட்சி. என் தங்கை அப்படி ஒன்று வாங்கி நாலாம் வருடம் வாடகை பாதியானது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

புதுசு:
ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

அந்த 100 வீட்டை விட்டுவிட்டேன். வாடகைக்காரி அக்கா சொன்னபடி காவலாளியிடம் கேட்டேன், 60 வீட்டில் 19 காலியாம். இப்போது வேறொன்று பார்த்திருக்கிறேன். பழைய கட்டடம், இரண்டே அறை, மேல்தளம், பேருந்து நிலையத்துக்கு நடக்கிற தூரம். அதே அளவுகோலில் விலை 48, வாடகை ஆண்டுக்கு 3.4, இப்போதே ஆள் இருக்கிறார், ஆறு வருடமாக. நான் 18 போட்டு 30 கடன் வாங்கினால் தவணை 3. காலி மாதம், செலவு எல்லாம் போக வாடகையில் 2.2 நிற்கும் என்று போட்டிருக்கிறேன். ஆண்டுக்கு 0.8 கையிலிருந்து போகும். வாங்கும் செலவு 3 போக 4 மிச்சம், ஒரு வருடத் தவணைக்கு மேலேயே இருக்கிறது. வட்டி 10 ஆனாலும் தவணை 3.5தான், தாங்குவேன். பத்திரம் ஒரு வக்கீலிடம் போயிருக்கிறது, நானே தேடிப் பிடித்தவர்.

கணக்குப்பிள்ளை:
கணக்கில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பழைய கட்டடம் என்பதால் பழுதுச் செலவை மட்டும் இன்னும் கொஞ்சம் கூட்டி வையுங்கள். குடியிருப்பவர் உண்மையில் எவ்வளவு வாடகை தருகிறார் என்பதை விற்பவரின் வாயால் கேட்காமல் அவருடைய வங்கிக் கணக்கில் பாருங்கள்.

மாடிவீட்டார்:
பேருந்து நிலையத்துக்குப் பக்கம், ஆறு வருடமாக ஒரே ஆள். நான் இவ்வளவு யோசிக்காமலே வாங்கியிருப்பேன். நல்லா வருவாய் தம்பி.

செங்கல்:
மேல்தளம் என்றால் கூரை? மழையில் பார்த்தாயா?

புதுசு:
பார்த்தேன் அண்ணா, செவ்வாய்க்கிழமை நல்ல மழை, நனைந்துகொண்டே போனேன். கூடத்தில் சொட்டு இல்லை. பின்னறையைத்தான் பார்க்க முடியவில்லை, விற்பவரின் பழைய சாமான் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார், சாவி அவர் மகனிடம் இருக்கிறதாம். கதவுக்கு அடியில் ஒரு சாக்கு மடித்து வைத்திருந்தது.

செங்கல்:
சாக்கு ஈரமா?

புதுசு:
தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை மகன் சாவியோடு வருகிறார், டார்ச் எடுத்துக்கொண்டு போகிறேன். அதுவரை முன்பணம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

செங்கல்:
ஏணியும் எடுத்துக்கொள். அந்த அறைக்கு நேர் மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று முதலில் மொட்டைமாடியில் பார்த்துவிட்டு, அப்புறம் கதவைத் திறக்கச் சொல்.